பளிங்குப் படியில் சொன்ன ‘காயா’

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அப்பா முழங்காலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் சுகம், நீயும் மருமகளும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்கிறீர்களா என்று எழுது. சம்பந்தியம்மாவிடம் அவர் மொழியில் நாலு வார்த்தை பேசம்மா என்று நீ சொன்னதற்காக இந்தோனேசியப் பாடத்தைச் செல்போனில் போட்டுக்கொண்டு படித்தேன். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற என் வேலையில், பழகுகிறவர் பக்கத்தில் ஒரு காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு படித்தால் எங்கே மண்டையில் ஏறும், மூன்று வாரத்தில் ‘காயா’ என்ற ஒரே சொல்தான் நின்றது. பணக்காரர் என்றாலும் அதுதான், ஒன்று நிறைய இருக்கிறது என்றாலும் அதுதான். உன் அப்பா தினமும் இன்னிக்குப் பாடம் காயா பழமான்னு கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறார். என்னிடம் பழகுகிறவர்கள் நெரிசலில் மாட்டினால் ரோடு லாரியில காயா மேடம் என்கிறார்கள்.

தவளை தன் வாயால் கெட்ட கதையைக் கேள். போன வாரம் ஜவுளிக்கடைக்காரர் மனைவிக்குக் கார் பாடம் நடத்தப் போய் அவர்கள் வீட்டுப் பளிங்குப் படியில் காத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மா வீடியோவில் கூப்பிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெரிந்த அந்த ஒரே சொல்லை வைத்து, நெஞ்சைத் தொட்டுக் காட்டி ‘நாங்கள் காயா’ என்று சிரித்த முகமாக மூன்று தடவை சொல்லிவிட்டேன். பின்னால் தொங்குவிளக்கு வேறு. அந்த அம்மாள் முகம் சுருங்கியதைக்கூட நான் கவனிக்கவில்லை.

மறுநாள் மருமகள் போனில் அழுதுகொண்டு பேசினாள். உங்களோடு இங்கே வருவதாக இருந்த அவள் அம்மா, அவ்வளவு பெரிய வீட்டுக்கு நான் எதைக் கட்டிக்கிட்டு வருவேன், நீங்க மட்டும் போயிட்டு வாங்க என்று சொல்லிவிட்டாராம். அதைக் கேட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. பெண்ணைக் கொடுத்தவரை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டேனே என்று அழுதே விட்டேன்.

அன்று மாலையே ‘இல்லை’ என்பதற்குத் ‘திடாக்’ என்று மனப்பாடம் செய்து நானே கூப்பிட்டேன். ‘நாங்கள் திடாக் காயா’ என்று சொல்லிக்கொண்டே வீடு முழுக்க போனைச் சுற்றிக் காட்டினேன். துணி சுற்றிய குழாய், செங்கல் முட்டுக் கொடுத்த கட்டில், ஸ்டூலைச் சாத்தி மூடிவைத்திருக்கும் ஃப்ரிட்ஜ், ஓட்டை பனியனோடு கதவுக்குப் பின்னால் ஒளிந்த உன் அப்பா, ஒன்றையும் விடவில்லை. மானத்தை வாங்கிட்டியே என்று அவர் கத்தினார். சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எழுந்து போய்த் தன் ஃப்ரிட்ஜைக் காட்டினார். அதற்கும் ஒரு ஸ்டூல்! இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். வருகிறாராம், மருமகள் சொன்னாள், என் அறையில்தான் படுப்பாராம். அப்பாவுக்குக் கூடம், உங்கள் இருவருக்கும் மொட்டை மாடி.

அவர் வருவதற்குள் புது சோபா வாங்கலாம் என்கிறார் உன் அப்பா. நான் மறுபடி பொய் சொன்னவளாகிவிடுவேன், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள், மருமகளை அழவிடாதே, இருவரும் குறைவில்லாமல் இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே, வரும்போது வீட்டுக்கென்று எந்தச் சாமானும் தூக்கி வராதே. அந்தக் கை சம்பந்தியம்மாவைப் பிடித்துக் கூட்டிவரக் காலியாக இருக்கட்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா