பார்னபிக்குத் துணையாக வந்தவர்

லட்லோ,
சனிக்கிழமை.

அன்புள்ள ஹெஸ்டர்,

உலகத்தின் அந்தக் கோடியில், வெலிங்டனில், நீ நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. இன்று காலை எழுந்ததும் தேநீருக்குத் தண்ணீர்கூட வைக்காமல் அப்பாவின் புத்தகத்துக்குத் திருத்தம் பார்க்க வந்த அச்சுப்படியைப் பிரித்தேன், நேற்றுப் படித்தது என் கண் கோளாறாக இருக்கட்டும் என்ற ஆசையில். இல்லை, அந்தப் பாதிரியார் ஆபெட் க்ரேல் அங்கேயேதான் இருக்கிறார், ரொட்டிக் கலகத்தைத் தனியாளாக அடக்கியபடி. அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. நீ தவழ்ந்த நாளிலிருந்து அப்பா ஒற்றை ஆளாக எழுதிவரும் பிரிட்டன் வரலாற்றுக் கலைக்களஞ்சியத்தில், காப்பியடிப்பவர்கள் பிடிபடட்டும் என்று இல்லாத கடற்படைத் தலைவர் ஒருவரை நம் பழைய நாய் பார்னபியின் பெயரில் நுழைத்திருப்பது உனக்கும் தெரியும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்து, காலை உணவின்போது, "திருடனுக்கு ஒரு பொறி போதாதா, இன்னொண்ணு எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். "என்ன பொறி? க்ரேல் நெஜமான ஆளும்மா. ஹெரிஃபோர்டுல அவர் கல்லறைய ரெண்டு பேருமாத்தானே பார்த்தோம், மழைன்னு என் தொப்பியப் பிடுங்கி மாட்டிக்கிட்டியே. உனக்கு வயசாயிடுச்சு பிலிப்பா" என்று கேலி செய்துவிட்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவினார். நான் அந்தக் கல்லறைக்குப் போனதே இல்லை. ஆனால் அவர் சொன்ன விதத்தில் ஒரு நொடி என் தலையில் மழை விழுந்தது, அதுதான் பயமாக இருக்கிறது. பிறகு தேடியதில் நடக்காத ஓர் உடன்படிக்கையும் பிறக்காத ஓர் இளவரசியும் அகப்பட்டார்கள். எல்லாம் அவருடைய மிக நல்ல எழுத்து, உண்மையானவற்றைவிட நம்பும்படி இருக்கிறது. படிக்காத பக்கங்களில் இன்னும் யார் யார் இருக்கிறார்களோ.

பதிப்பாசிரியர் லவெல் நேற்றுப் பேசினார். "திருத்தின படி வந்துட்டா அச்சுக்குப் போயிடும், சார்கிட்ட ஷாம்பெயின குளிர வைக்கச் சொல்லுங்க மேடம்" என்றார். ஒருவரை நம்பி வாங்கும் புத்தகம், ஒரு பொய் வெளிப்பட்டால் அத்தனை பக்கமும் பொய்யாகிவிடும், அப்பா அதைத் தாங்கமாட்டார். மருத்துவரிடம் போகலாம் என்றால், "நீ போ" என்கிறார்.

இனி ஞாயிறுகளில் அவர் தொலைபேசியில் பேசும்போது எதையும் கேட்டுச் சோதிக்காதே, சிரித்துப் பேசு. அங்கே குளிர்காலம், கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே. கடவுள் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

திங்களன்று அப்பா லவெலுக்கு அனுப்பச் சொல்லி அச்சுப்படிப் பொட்டலத்தை என் கையில் கொடுப்பார். நான் அதை அஞ்சலில் சேர்க்கப் போவதில்லை. அச்சை நிறுத்தும்படி லவெலிடம் சொல்லி, அப்பா எழுதியதைத் தட்டச்சு செய்தபோது நான்தான் கண்டபடி சேர்த்துவிட்டேன் என்று பழியை ஏற்றுக்கொள்ளப் போகிறேன். இது இன்னும் யாருக்கும் தெரியாது.

உன் அன்பு அம்மா,
பிலிப்பா