நான் தண்ணி பிடிக்கப் போன நேரம்

என்னங்க,

குளிச்சுட்டு வந்ததும் சாப்பிடுங்க, மூடி வச்சிருக்கேன். நான் டாக்டரைப் பார்க்கப் போறேன். தனியா.

நேத்து அவர், "புரோஸ்டேட்ல புற்றுநோய்தான். ஆனா மெதுவா வளர்றது. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், கவனிச்சுக்கிட்டே இருப்போம்"னார். நீங்களும் நல்ல பிள்ளையா தலையாட்டினீங்க. புற்றுநோயை யாராவது சும்மா விட்டுவைப்பாங்களா? நான் வெளியே போய் பாட்டில்ல தண்ணி பிடிச்சுட்டு அவர் ரூமுக்கு வந்தப்ப ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிட்டிருந்தீங்க, என்னைப் பார்த்ததும் கப்சிப். என்னன்னு கேட்டா, "கிரிக்கெட்"ங்கறீங்க. மட்டையை எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னு தெரியாத மனுஷன் நீங்க! நோய் முத்திப்போச்சு, அவளுக்குத் தெரிய வேண்டாம்னு நீங்கதான் அவர் வாயை அடைச்சிருப்பீங்களோன்னு ராத்திரி பூரா அரிச்சுது.

உங்க தம்பி வந்தா, நான் வர்ற வரைக்கும் எதுவும் சொல்லாதீங்க. வெளியே போனா சாவியைப் பக்கத்து வீட்டுல குடுங்க.

*

செருப்பு மாட்டிட்டேன், கால் நகரல. நானும் உங்களை விட்டுட்டுத் தனியா அவர்கிட்ட போய்க் கேட்டா, உங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? வாசல்லதான் நிக்கிறேன். சட்டையை மாட்டிக்கிட்டு வாங்க. நல்லதோ கெட்டதோ, ரெண்டு பேர் காதுலயும் ஒண்ணா விழட்டும்.