கால்சட்டை போட்ட கோடைக்காலம்

ஏப்ரல் 2, செவ்வாய்

பாலத்தருகே நூலக வண்டியை நிறுத்தியிருந்தேன். சுற்றுலா வந்த ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்றார்.

"செவ்வாய்க்கிழமை" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. இருபத்திரண்டு வருடமாகத் தினமும் கில்ட்தான் உடுத்துகிறேன், எங்கள் ஊர் ஆண்கள் இடுப்பில் சுற்றும் முழங்காலளவு கொசுவப் பாவாடை. மழையோ பனியோ, பல் டாக்டரிடம் போகும் நாளோ, அதே பச்சைக் கம்பளிதான். அடுத்த கேள்வி என்னவென்று தெரியும். அதையும் கேட்டார்: "உள்ளே என்ன போட்டிருக்கீங்க?" காலும் காலணியும் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். கேட்கிறவர் முதல் முறை கேட்கிறார். எனக்குத்தான் அது ஆயிரமாவது முறை.

ஏப்ரல் 13, சனி

எங்கள் வாத்தியக் குழுத் தலைவர் லாக்லன் வீட்டுக் கல்யாணம். சிவப்புக் கில்ட்டை வெளியே எடுத்து ஓட்டுத்தையலைப் பிரித்தேன். கொசுவம் கலையாமலிருக்க நூலோட்டித்தானே பெட்டியில் வைக்கிறோம், உடுத்தும் நாளில் பிரிக்க வேண்டும். போன வருடம் மீன் கடைக்காரர் பிரிக்க மறந்து அட்டைபோல விறைத்த கொசுவத்தோடு வந்தார். பாவம், மாலை முழுக்க அவரைக் கேலி செய்தோம்.

ஏப்ரல் 14, ஞாயிறு

நேற்றுக் கல்யாணத்தில் நடந்ததை எழுத மனமில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

இரண்டு வரிசையாக நின்று ஜோடி மாற்றிச் சுற்றும் ஆட்டம். நான் நடுவில் சுற்றிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை கில்ட்டைப் பிடித்து இடுப்புக்கு மேலே தூக்கியது. வழக்கப்படி உள்ளே ஒன்றும் இல்லை. அது என் வழக்கம், ஊருக்குக் காட்சி இல்லை. அரங்கில் நூற்றிருபது பேர். பாதிரியார் கேக் தட்டோடு நின்றிருந்தார்.

"சந்தேகம் தீர்ந்துச்சு மக்களே!" என்று கத்தினாள் வில்மா. பேக்கரி வில்மா. விளையாட்டு விழாக் குழுவின் செயலாளர், வருடா வருடம் மைதானத்தில் மைக் பிடிக்கிற அதே வில்மா.

கூடமே சிரித்தது.

ஷீனாவும் சிரித்தாள். என் மனைவி. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

ஏப்ரல் 15

நான் வில்மாவின் பாவாடையைத் தூக்கியிருந்தால்? இந்நேரம் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பேன். அதுதான் நியாயம். அப்புறம் எனக்கு மட்டும் ஏன்டா இந்த நியாயம் கிடையாது? யாரிடம் கேட்பது?

ஏப்ரல் 16, செவ்வாய்

பேக்கரிக்கே போனேன். கூட்டம் குறையும் வரை காத்திருந்தேன்.

"அது விளையாட்டுக்குப்பா மர்டோ. இன்னுமா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?"

"எல்லாரும் பாக்கத் தூக்கினே. எல்லாரும் கேக்க மன்னிப்புக் கேளு."

"ஐயோடா! அவ்வளவு வெக்கம்னா உள்ள ஏதாச்சும் போட்டுட்டு வந்திருக்கலாமில்ல?"

வரிசையில் நின்ற இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். வில்மா இறைச்சி அடைத்த சூடான பலகாரம் இரண்டைக் காகிதத்தில் சுற்றி என் பக்கம் தள்ளினாள். சமாதானமாம். மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன். எனக்கு மிகவும் பிடித்த பலகாரம் அது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

ஏப்ரல் 20, சனி

வாத்தியக் குழுவின் ஒத்திகை. எங்கள் தலைவர் லாக்லன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"விட்டுத்தள்ளு மர்டோ. விழா அன்னைக்கு நம்ம இருபது பேருக்கும் சாப்பாடு அவதான் போடறா."

"அதுக்காக?"

"அதுக்காக ஒண்ணுமில்லப்பா. ஆம்பளைதானே நீ."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்குப் பொறி பறந்தது. பத்தொன்பது வருடமாக வெள்ளிப்பூண் கோலைப் பிடித்துக் குழுவுக்கு முன்னால் நடப்பவன் நான். வில்மா ஊரறிய மன்னிப்புக் கேட்கும்வரை அந்தக் கோலைத் தொட மாட்டேன், கில்ட்டும் உடுத்த மாட்டேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பச்சை, சிவப்பு இரண்டுக்கும் நூலோட்டினேன். வழக்கமாக வெள்ளை நூலில் தளர்வாக ஓட்டுவோம். நான் கறுப்பு நூலை இரட்டையாகக் கோத்து, இழுத்து இழுத்துத் தைத்தேன். மேலே ஒரு வரிசை, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. ஷீனா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஏப்ரல் 23

கால்சட்டையில் என்னைப் பார்த்ததும் நூலக வாசகி திருமதி கெட்டஸ், கடன் வாங்கிய மூன்று கொலை நாவல்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "யாருப்பா செத்தாங்க?" என்றார்.

மே 9, வியாழன்

வேடிக்கையைப் பார். தூக்கியபோது சிரித்த ஊர், மூடிக்கொண்டதும் கோபப்படுகிறது! தபாலாபீசில் கேட்கிறார்கள், பெட்ரோல் பங்கில் கேட்கிறார்கள். "உன்னைக் கால்சட்டையில பாக்க நல்லாவே இல்ல மர்டோ, ஊருக்கே ஒரு மாதிரியா இருக்கு." ஊருக்கு ஒரு மாதிரியாக இருக்கிறதாம். எனக்கு எப்படி இருந்தது என்று ஒரு ஆள் கேட்டதுண்டா?

கால்சட்டை முழங்காலைப் பிடிக்கிறது. வேர்க்கிறது. மனிதன் எப்படித்தான் இதைப் போட்டுக்கொண்டு வாழ்கிறானோ.

மே 12

"நீ சிரிச்சே" என்றேன் ஷீனாவிடம்.

"எல்லாரும் சிரிச்சாங்க மர்டோ."

"எல்லாரையும் நான் கட்டிக்கல."

கதவைச் சாத்திக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

ஜூன் 21, வெள்ளி

இன்று ரோரி நூலக வண்டிக்கு வந்தான். விழாவில் இரும்புக் குண்டைச் சங்கிலியோடு சுழற்றி வீசுவானே, அவன்தான். கதவில் பக்கவாட்டாகத்தான் நுழைய முடியும், அவ்வளவு பெரிய ஆள். வில்மாவின் அக்கா மகன். அவளுக்காகத் தூது வந்திருக்கிறான் என்று நினைத்து வெடுக்கென்று பேசினேன்.

அவன் புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டு அப்படியே நின்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஓட்டல்ல சனிக்கிழமை பரிமாறுற வேலை எனக்கு. கில்ட்தான் சீருடை. கல்யாணப் பொண்ணோட தோழிங்க கும்பல் கும்பலா வருவாங்க. என் ரெண்டு கையிலயும் தட்டு இருக்கும் மர்டோ. அதைப் பாத்துத்தான் தூக்குவாங்க."

"முதலாளிகிட்ட சொன்னியா?"

"சிரிச்ச முகமா இருன்னாரு."

"உன் சித்திகிட்ட?"

"அவங்களும் சிரிச்சா நான் எங்க போறது?"

அவன் தந்த புத்தகத்தை எடுத்து அலமாரியில் செருகினேன். போன டிசம்பரில் அந்த ஓட்டலில் நானும் இருந்தேன். ஒரு பெண் அவன் கில்ட்டைத் தூக்கினாள். தட்டு சரிந்து சூப் கொட்டியது. இவ்வளவு பெரிய ஆள் இப்படிச் சிவந்துபோகிறானே என்று எங்கள் மேஜை சிரித்தது.

நானும் சிரித்தேன். இதை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

அவனிடமும் சொன்னேன். "தெரியும், பாத்தேன்" என்றான்.

ஜூன் 22

ஷீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் சிரித்தது உட்பட. கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினாள். "அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றாள். முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொன்னாள், பரவாயில்லை. நான் ரோரியிடம் சொன்னதும் அப்படி ஒன்றும் அழகாக இல்லை.

ஜூலை 28, ஞாயிறு

கோலை வேறு ஆளிடம் கொடுக்கப் போகிறார்களாம். கொடுக்கட்டும். எவனிடம் வேண்டுமானாலும் கொடுக்கட்டும்.

யாரிடம் என்று மட்டும் இரண்டு பேரிடம் விசாரித்தேன்.

ஆகஸ்ட் 10, சனி. விழா

காலை அணிவகுப்பைக் கயிற்றுக்கு வெளியே, கால்சட்டையோடு, சுற்றுலாக்காரர்களுக்கு நடுவில் நின்று பார்த்தேன். கோலை யாரிடமும் கொடுக்கவில்லை. கூடாரக் கம்பத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். முன்னால் ஆளில்லாமல் குழு நடந்தது. திரும்பும் இடத்தில் இரண்டு வரிசை முட்டிக்கொண்டது. பார்க்கவே எரிச்சல்.

மதியம் மைக்கில் வில்மாவின் குரல். மலை ஓட்டத்தில் யார் முதல், எந்தக் கார் வழியை மறிக்கிறது, காணாமல்போன ஒரு நாய். எல்லாம் ஒரே மூச்சில். பிறகு நிறுத்தினாள். அவள் மைக்கில் நிறுத்தி நான் கேட்டதே இல்லை.

"இன்னொண்ணு. ஏப்ரல்ல ஒரு கல்யாணத்துல நான் மர்டோவோட கில்ட்டைத் தூக்கினேன். அசிங்கம் பண்ணினது நான், அவரில்ல. நேத்து ராத்திரி எங்க வீட்டுப் பையன் ஒண்ணு சொன்னான், அதுக்கப்புறம் தூக்கம் வரல. மர்டோ, மன்னிச்சிரு. இங்க யாராச்சும் யாரோடதையாச்சும் தூக்கினா, கேட்டுக்கு வெளிய நானே கொண்டுபோய் விடுவேன். அடுத்து குண்டு வீச்சு, இரண்டாம் சுற்று."

யாரும் கைதட்டவில்லை. அங்கங்கே ஒன்றிரண்டு பேர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். களத்தில் ரோரி கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு நின்றான். தலை நிமிரவில்லை.

ஷீனா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சிவப்பு காருல இருக்கு. காலைலயே எடுத்து வெச்சேன்." இரண்டு பேரும் பின் சீட்டில் உட்கார்ந்து நூல் பிரித்தோம். நான் போட்ட இரட்டைக் கறுப்பு நூல்! அவள் நகம் உடைந்தது. "என்ன ஆத்திரம்டா உனக்கு" என்றாள். மாலை அணிவகுப்புக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது உடுத்திக்கொண்டு ஓடினேன். லாக்லன் கோலை நீட்டினார்.

நடந்தேன். மைதானம் முழுவதும், ஒரு திருப்பத்தையும் தவறவிடாமல்.

ஆனால் கொசுவம் ஆடவில்லை. பாதி வழியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அடி வரிசை நூலைப் பிரிக்கவே இல்லை. மீன் கடைக்காரரைப் போலவே அட்டையாக விறைத்த கொசுவத்தோடு ஊர் முழுக்கப் பார்க்க நடந்திருக்கிறேன். அவரைக் கேலி செய்தவனுக்கு இது வேண்டியதுதான். சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது.

கூடாரத்துக்குப் பின்னால் கோலைச் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் காலடிச் சத்தம். தலையை மட்டும் திருப்பிப் பார்த்தேன். வில்மா. என் கொசுவத்தின் அடியில் நூலின் முனை தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் கை அதை நோக்கிப் பாதி தூரம் வந்து, காற்றில் நின்றுவிட்டது. கையை இழுத்து ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

"மர்டோ," என்றாள். "பின்னால நூல் ஒண்ணு தொங்குது. நான் எடுக்கட்டுமா?"

தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தேன். பிறகு, "சரி" என்றேன்.