காளை முட்டியதாக நான் சொன்னேன்

அக்கா,

இன்று காலை பழைய சட்டைப் பையில் உன் ஓ.பி. சீட்டு அகப்பட்டது. எட்டாவதோடு நின்றவன் நான். டாக்டர் கிறுக்கிய இங்கிலீஷ் புரியாது. ஆனாலும் அதை மனப்பாடமாகச் சொல்வேன். சொல்லி எழுத வைத்ததே நான்தானே.

உன் கையிலும் தொடையிலும் கத்தரிக்காய் நிறத்தில் திட்டுத் திட்டாக வந்திருந்தது. "எங்கியும் இடிச்சிக்கலடா, தானா வந்துச்சு" என்று என்னிடம் சொல்லியிருந்தாய். "எப்படிம்மா அடிபட்டுச்சு?" என்று டாக்டர் கேட்டதும் நான் முந்திக்கொண்டேன். தெரியாது என்று சொல்வது எனக்கு மானக்கேடு. தேரடி வீதியில் காளை மிரண்டு வந்து உன்னை முட்டியதையும், கொம்பைப் பிடித்து நான் அதைத் திருப்பியதையும் நடித்தே காட்டினேன். நர்ஸ் வாயைப் பிளந்தாள். நானும் பிரமாதமாகத்தான் சொன்னேன். டாக்டர் வலி மாத்திரை எழுதினார்.

ஆட்டோவில் நீ சிரித்தாய். "ஏன்டா, நாயப் பாத்தாலே என் முதுகுக்குப் பின்னாடி ஒளியறவன், நீ கொம்பப் புடிச்சியா?"

"அங்கியே சொல்லியிருக்கலாமே நீ."

"நாலு பேரு எதிர்ல உன்னப் பொய்யன்னு சொல்லுவனா? நாளைக்குப் போயி சொல்லிக்கலாம்."

மறுநாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் என் இளநீர் வண்டியை விட்டு என்னால் நகர முடியவில்லை. அப்புறமும் நாள் போனது. உன் வயிறு வீங்கி, நீ நினைவு தப்பிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

உண்மையை அங்கே சொன்னேன். அந்த டாக்டர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரத்தம் உறையறதுக்கு உடம்புல ஒரு பொருள் இருக்குங்க. இவங்க உடம்பே அத எதிரியா நெனச்சு அழிச்சிட்டிருக்கு. அடிபடாமலே ரத்தம் கட்டறதுதான் இதுக்கு அடையாளம். அன்னிக்கே தெரிஞ்சிருந்தா வைத்தியம் பாத்திருக்கலாம். வலி மாத்திரையால வயித்துக்குள்ள ரத்தக் கசிவு இன்னும் ஜாஸ்தியாயிடுச்சு."

நீ கண் திறக்கவே இல்லை.

காரியத்தன்று உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீதான் மாமா மொத மொத அம்மாவ ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போன. உனக்குத்தான் மனசு இருந்துச்சு." ஊருக்கே கதை சொன்ன வாய், அக்கா, அன்றைக்குத் திறக்கவில்லை. இன்றுவரை அவளிடம் திறக்கவில்லை.

தினமும் மதியம் எனக்குச் சோறு கட்டி அனுப்புகிறாள். மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறேன்.