ரேடியேட்டருக்குக் கட்டிய பாய்

இன்று காலை மழையில் வண்டியை எடுக்கும்முன் ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு பாய்த்துண்டைக் கட்டினேன். சிராங்கூன் ரோட்டைத் தாண்டுவதற்குள் சூடேறிய தாழம்பாயின் வாசனை வந்துவிட்டது. கூடவே நீயும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாய். போன மாதம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவனுக்கு எதற்கு இந்த மடல் என்று கேட்பாய். உயிரோடு இருக்கும்போது சொல்லத் துப்பில்லாதவன் வேறு எப்படிச் சொல்வது?

முதலாளிக்கு அப்போது இரண்டு மோட்டார்கள். ஒரே கப்பலில் வந்தவை. ஒன்றை நீ ஓட்டினாய், மற்றதை நான். ஒருநாள் அவர் நம் இருவரையும் நிறுத்தி, "ரெண்டு வண்டி எதுக்கு? எது பெட்ரோல் அதிகம் குடிக்குதோ அது போவட்டும், அதோட டிரைவரும் போவட்டும்" என்றார். மறு வாரமே நீ ஒரு பழைய பாயை வெட்டி, ரேடியேட்டரின் கீழ்ப்பாதியை மறைத்துச் சணலால் கட்டினாய். தெருவில் மாட்டுவண்டிக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். "மோட்டாருக்குக் கோவணமா?" என்று நானும் கேட்டேன். நீ கோபப்படவில்லை.

"மழைக் காத்துல இஞ்சின் குளிர்ந்துடுது மாப்பிளே. ஈர அடுப்புல எவ்வளவு விறகு வச்சு என்ன பண்றது? நீயும் கட்டிப் பாரு லா" என்றாய்.

நான் கட்டவில்லை. மீன்காரி ஒரு மீனைக் கூடுதலாகப் போட்டால் முகர்ந்து பார்க்கிற சாதி நான். பாய் கட்டினால் பெட்ரோல் மிச்சமாகும் என்றால், வெள்ளைக்காரன் பட்டறையிலேயே கட்டி அனுப்பியிருக்க மாட்டானா? ஆனால் உன் பெட்ரோல் தகரம் என்னுடையதைவிட ஒருநாள் கூடுதலாக வந்தது. வேலை போய்விடும் என்ற பயத்தில் எனக்குத் தூக்கம் போயிற்று.

இருக்கைக்கு அடியிலிருக்கும் தொட்டியில் குச்சியை விட்டு அளப்பதுதானே நம் வழக்கம். ஒரு மாலை முதலாளி வீட்டு வாசலில் வைத்து அளந்து, குச்சியில் கத்தியால் ஒரு கோடு கீறினேன். பிறகு வண்டியைக் கொட்டகைக்குள் ஏற்றிக் கழுவினேன். காலையில் அங்கேயே அளந்தால் ஒரு விரற்கடை குறைவு. மறுநாளும் அப்படியே. கொட்டகையில் படுக்கிறவன் நீ ஒருவன்தான். எனக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

"பாயெல்லாம் கண்கட்டு, முதலாளி. என் வண்டியிலேர்ந்து எடுத்துத்தான் ஊத்திக்கிறான்" என்று குச்சியை அவரிடம் காட்டினேன். அவர் உன்னைக் கூப்பிட்டு, "எடுத்தியா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றாய். அவர் மறுபடியும் கேட்டார். தொப்பியைக் கழற்றி வண்டி இருக்கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாய். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நான் நினைத்தேன். உன் வண்டியும் விலைபோயிற்று.

நீ போன பிறகும் ஒரு விரற்கடை குறைந்துகொண்டே வந்தது. காவலுக்கு இருந்த ஜாகாவைச் சந்தேகித்தேன், பிறகு தோட்டக்காரரை. ஒரு மாலை, சந்தேகம் தாங்காமல், வண்டியைக் கொட்டகையில் ஏற்றிய கையோடு இன்னொரு தடவை அளந்தேன். அப்போதே ஒரு விரற்கடை குறைந்திருந்தது. கழுவுகிற தண்ணீர் வடியட்டும் என்று தரையைச் சரிவாகப் போட்டிருக்கிறார்கள். வண்டி மூக்கைத் தூக்கி நின்றால் பெட்ரோல் பின்னால் ஓடிவிடுகிறது. குச்சி விடும் துளையோ முன்பக்கம். யாரும் எதையும் எடுக்கவில்லை.

உன்னைத் தேடித் தஞ்சோங் பகாருக்கு வந்தேன். கப்பலுக்குக் கரிக்கூடை சுமந்துகொண்டிருந்தாய். நான் ஆரம்பிக்கும்முன் நீயே, "பாய் கட்டினியா? புக்கிட் தீமா மேட்டுல மட்டும் அவுத்துடு. இல்லேன்னா தண்ணி கொதிச்சுடும்" என்றாய். குத்திக் காட்டுகிறாயோ என்று அதையும் சந்தேகித்தேன். மழையைப் பற்றி ஏதோ பேசிவிட்டுத் திரும்பிவிட்டேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

உன் சாவுச் செய்தி வந்த மறுநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொட்டகைத் தரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "செத்தவனுக்கு இப்ப ஏன் பரிஞ்சுகிட்டு வர்றே? உனக்கும் பங்கு வந்துச்சா?" என்றார். அன்றிலிருந்து மாலையில் வாசலிலும் காலையில் கொட்டகையிலும் ஜாகா என் தொட்டியை அளக்கிறார். சமதரையில் அளக்கச் சொன்னேன். "அளக்கிற இடத்தையும் நீயே சொல்லுவியா?" என்று முதலாளி கேட்டார்.

தினமும் காலையில் ஒரு விரற்கடை குறைகிறது. தினமும் நான் எடுக்கவில்லை என்கிறேன். முதலாளியிடம், ஜாகாவிடம், கேட்காத தோட்டக்காரரிடம்கூடச் சொல்கிறேன். ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு எப்படியடா உன்னால் போக முடிந்தது?