பிராக் நகரத்தில் நாங்கள் நின்ற வரிசை

ஓசூர்
செவ்வாய்க்கிழமை காலை

அன்பு மகள் யுவஸ்ரீக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அப்பாவின் முட்டி தவிர. தைவானில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். அம்மா ஏன் போன் பண்ணவில்லை என்று பயப்படாதே. என் போன் கம்பெனி கேட்டுக்கு உள்ளே இருக்கிறது, நான் வெளியே இருக்கிறேன். செக்யூரிட்டி மாரிசாமி வழக்கம்போல முதலில் போனை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார், அப்புறம் என் கார்டை மெஷினில் வைத்தால் சிவப்பு விளக்கு எரிகிறது. டூர் புரோகிராம் அச்சடித்த தாள் பையில் இருந்தது, அதன் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் நின்றுகொண்டு எழுதுவதால்தான்.

டூர் கதையை முதலில் சொல்கிறேன். நம்மிடம் சாமான் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், தொழிலாளிகள் சந்தோஷமாக இருக்கும் போட்டோ அனுப்புங்கள் என்று கேட்டார்களாம். இங்கே எடுத்தால் நம்ப மாட்டார்கள் என்று எங்கள் லைன் பெண்கள் ஆறு பேரை பிராக் என்ற ஊருக்குக் கூட்டிப்போனார்கள். அது அவர்கள் நாட்டுத் தலைநகரம். வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடித்து ஏறினோம், சனி மதியம் இறங்கினோம், ஞாயிறு சாயங்காலம் திரும்ப ஏறினோம். அங்கே இருந்ததைவிட விமானத்தில் இருந்தது அதிகம். சனிக்கிழமையை லீவு என்று எழுதிவிட்டார்கள். ஆளுக்கொரு பட்டை, ‘ஒன்பது வருட நற்சேவை’ என்று, அதைத் தோளில் போட்டுக்கொண்டுதான் தூங்கவே வேண்டும் என்பதுபோல சூப்பர்வைசர் பிரகாஷ் பார்த்துக்கொண்டார். உனக்குத்தான் தெரியுமே, பதினோரு மாதத்துக்கு ஒருதடவை கணக்கை முடித்து அனுப்பி, பத்து நாள் கழித்துப் புது ஆளாகச் சேர்ப்பார்கள். அப்போதெல்லாம் ஆஸ்பத்திரி கார்டும் செத்துப்போகும், அப்பாவின் முட்டி ஆபரேஷன் மூன்று தடவை தள்ளிப்போனது அதனால்தான். கிளம்பும்போது ஆபீஸ் சௌமியா, ரிமார்க் இல்லாம போயிட்டு வாங்கக்கா, பர்மனென்ட் லிஸ்ட்டுல மொத பேரு உங்களுதுதான் என்றாள். அதனால் அந்த ஊரில் நான் எச்சில்கூடப் பார்த்துத்தான் முழுங்கினேன். ஆறு, கோட்டை, பாலம் முழுக்கச் சிலை, எல்லாம் இருந்தது. பத்து நிமிஷம் பார்க்கலாம், ரெண்டு நிமிஷம் பாத்ரூம். அந்த ஊர்த் தக்காளி எப்படி இருக்கும் என்று அப்பா கேட்டாரே, அதையும் பார்த்தேன், நம்ம பேரிகை மார்க்கெட்டில் அதை யாரும் தொடமாட்டார்கள்.

ஊர் நடுவில் ஒரு பழைய மணிக்கூண்டு. மணி அடிக்கும்போது ஒரு எலும்புக்கூடு பொம்மை கயிற்றை இழுக்கும், மேலே ஜன்னல் திறந்து சாமியார் பொம்மைகள் ஒவ்வொன்றாக வந்து போகும். எனக்கு அந்தப் பொம்மைகளைப் பார்த்ததும் நம்ம ஏ ஷிப்ட்தான் ஞாபகம் வந்தது. மணி அடித்தது. பழக்கம் பார், நான் என்னை அறியாமல் கழுத்திலிருந்த கார்டை வலது கையில் பிடித்து, நம்ம கம்பெனி கேட்டில் மஞ்சள் கோட்டில் நிற்பதுபோல, தரையில் கல்லுக்குக் கல் போன கோட்டில் இடது காலை வைத்து நின்றுவிட்டேன். பின்னால் ஜெயமணி நின்றாள், அவளுக்குப் பின்னால் மற்ற நாலு பேர். முன்னால் நிற்பவளைத் தாண்டினால் ரிமார்க் என்பது தெரியுமே, அதனால் நான் நகராமல் யாரும் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஜெயமணிக் கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்றார், அப்புறம் ஒரு குடும்பம், அப்புறம் குடையோடு ஒரு டூரிஸ்ட் கூட்டம். எதற்கு வரிசை என்று யாரும் கேட்கவில்லை. அரை மணியில் வரிசை சதுக்கத்தைத் தாண்டிப்போனது. போலீஸ் வந்து முதலில் நிற்கும் என்னிடம் ஏதோ கேட்டார், கார்டைக் காட்டினேன், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து சல்யூட் மாதிரி ஒன்று வைத்துவிட்டுப் போனார். பிரகாஷ் தலையில் கை வைத்துக்கொண்டு, யக்கா, மானம் போவுதுக்கா, நகருக்கா என்று கெஞ்சினார். அதற்குள் வாங்குகிற கம்பெனி ஆள் வந்து பார்த்து, என்ன ஒழுக்கம் என்று வியந்து போட்டோ எடுத்துக்கொண்டார். அதோடு பிரகாஷுக்கும் பெருமை வந்துவிட்டது, நான்தான் சொல்லிக்குடுத்தேன் என்று இங்கிலீஷில் சொன்னார். போட்டோ எடுத்து முடித்தபிறகுதான் நான் கோட்டிலிருந்து காலை எடுத்தேன், அப்புறம்தான் வரிசையும் நகர்ந்தது.

நேற்று வந்து இறங்கி நேராக சௌமியாவிடம் போனேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, உங்க சர்வீஸ் பதினொரு மாசம்தானே காட்டுதுக்கா, பர்மனென்டுக்குப் பத்தாதே என்றாள். அப்போ ஒன்பது வருஷம்னு பட்டை போட்டீங்களே அது யாருக்கு என்றேன். அது டூருக்கு மட்டும்க்கா என்றாள். சிரிக்காமல் சொன்னாள் யுவா, எனக்கு அதுதான் ஆத்திரம். இன்று காலை வந்தால் கேட்டுக்கு மேலே என் போட்டோ, லாரி அளவுக்கு, கார்டைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன், கீழே ‘ஒழுக்கமே எங்கள் பலம்’. அதற்கு நேர் கீழே சிவப்பு விளக்கு. நேற்றோடு பதினோரு மாதம் முடிந்துவிட்டதாம்.

திரும்பிப் போகத்தான் நினைத்தேன். ஆனால் ஷிப்ட் மணி அடித்துவிட்டது. கால் தானாக மஞ்சள் கோட்டுக்குப் போனது. இந்தத் தடவை அதை எடுக்கவில்லை. ஜெயமணிக்கும் அதே சிவப்பு விளக்கு, அவள் என் பின்னால், மற்ற நாலு பேரும் பின்னால், அதற்குப் பின்னால் ஷிப்டுக்கு வந்தவர்கள் எல்லாம். தாண்டினால் ரிமார்க். வரிசை இப்போது டீக்கடையைக் கடந்து மெயின் ரோட்டுக்குப் போயிருக்கிறது என்று மாரிசாமி சொல்கிறார். உள்ளே ஒரு மெஷினும் ஓடவில்லை. மேனேஜர் வந்து, எதுக்கும்மா இந்த க்யூ என்றார். பர்மனென்டுக்கு சார் என்றேன். விசிட்டர் பாஸ் தருகிறேன், உள்ளே வந்து பேசலாம் என்கிறார். போகவில்லை. நான் நகர்ந்தால்தான் பின்னால் நகரும். அது எனக்கு பிராக்கில் தெரிந்தது, மேனேஜருக்கு இப்போது தெரிந்திருக்கிறது.

நீ அங்கே எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் தேதியைப் படித்துவிட்டுப் போடு. தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி ஷிப்ட் என்றால் வெறும் வயிற்றோடு போகாதே. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், யாரிடமும் புது ஆளாகாமல். இதை அப்பா தபாலில் போடுவார். நான் உள்ளே போகும்வரை என் போனுக்குக் கூப்பிடாதே, பெட்டிக்குள் அடித்துக்கொண்டே இருக்கிறது, மாரிசாமி அதை எடுத்துத்தர உள்ளே போனாலும் திரும்பி வெளியே வர இந்த வரிசை நகராமல் வழி இல்லை.

இப்படிக்கு,
வரிசையில் முதலாவதாக நிற்கும்
உன் அம்மா
ரா. முனிலட்சுமி