ஏசி அறையின் காலை நேரம்

மார்கழி, வியாழன் இரவு

மில் ஆபீஸ் கம்ப்யூட்டர் இன்று சரியாகிவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

தினமும் காலையில் முதல் தடவை போட்டால் பாதியில் நின்றுவிடும். கொஞ்ச நேரம் அப்படியே விட்டு, அணைத்து மறுபடி போட்டால்தான் ஓடும். மதுரை எஞ்சினியர் எப்போதும் மத்தியானம் வருவார். அப்போது ஒரு குறையும் இருக்காது. இன்று முதல் பஸ்ஸிலேயே வந்து, பெட்டியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்.

"ராத்திரி பூராம் ஏசி ஓடுதாம்மா? இம்புட்டுக் குளிர்ல அது எப்படி முழிக்கும்?"

கம்ப்யூட்டர் சூடாகிவிடும் என்று மேனேஜர்தான் ஏசியை அணைக்க விடுவதில்லை. எஞ்சினியர் அதை அணைத்து, பெட்டி குளிர் விட்டதும் போட்டார்; முதல் தடவையிலேயே ஓடியது. இனிமேல் சாயங்காலம் நான் அணைத்துவிட்டு வர வேண்டுமாம்.

ஸ்டோர்ஸ் செல்வம் தினமும் காலையில் சாமான் பட்டியலுக்கு வந்து நிற்பார். "அவசரம் இல்லங்க. செத்த நேரத்துல அதுவா முழிச்சுக்கும்" என்பார். அவர் ஊர் ரெட்டியார்சத்திரத்துப் பனியையும், தோட்டத்துச் சம்பங்கியையும் பற்றிச் சொல்வார். நின்றுபோன திரையில், பச்சை எழுத்துகளுக்கு நடுவே, எங்கள் இரண்டு முகமும் தண்ணீருக்குள் கிடப்பது போலத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்பேன்.

இன்று அவர் வரும்போதே பட்டியல் தயாராக இருந்தது. "அட, முழிச்சிருச்சா?" என்றார். வாங்கிக்கொண்டு கொஞ்சம் நின்றார். பிறகு போய்விட்டார்.

சாயங்காலம் விளக்கை அணைத்தது ஞாபகம் இருக்கிறது. கதவைப் பூட்டியதும் ஞாபகம் இருக்கிறது. ஏசியை அணைத்தேனா? யோசிக்க யோசிக்க, அது ஓடும் சத்தம்தான் காதில் கேட்கிறது. இப்போதுதான் கண் சொக்குகிறது.